ஒரே வீடு, ஒரே காற்று: ஒருவருக்கு மட்டும் ஏன் காசநோய்?

காவிரிப் பாசனப் பகுதியில், திருவையாற்றுக்கும் கும்பகோணத்துக்கும் இடையே உள்ள ஏதோ ஓர் ஊரில் ஒரு வீட்டை மனத்தில் எண்ணிக்கொள்வோம். தாழ்ந்த கூரை, ஒரே ஒரு சிறிய ஜன்னல். இரவில் ஆறு பேர் அந்தக் கூடத்தில் பாய் விரித்துப் படுக்கிறார்கள். தாத்தாவுக்குப் பல மாதங்களாக இருமல். சளியைச் சோதித்தபோது காசநோய் என்று தெரிந்தது. ஓர் ஆண்டு கழித்து மூத்த பேரனுக்கும் அதே நோய். இளைய பேரனோ தாத்தாவின் பக்கத்திலேயே படுத்து உறங்கியவன். அவனுக்கு ஒன்றுமே இல்லை; துள்ளிக்கொண்டு பள்ளிக்குப் போகிறான்.

ஊர் வாய் சும்மா இருக்குமா? “அது அவர்கள் வம்சத்தில் ஓடுகிற நோய்” என்று சிலர் சொல்கிறார்கள். அந்த வீட்டுப் பெண்ணைக் கேட்டு வந்தவர்கள் பேச்சை நிறுத்திக்கொள்கிறார்கள். இதைப் பார்க்கிற அடுத்த வீட்டுக்காரர், தமக்கு இருமல் வந்தால் வெளியே சொல்லாமல் மறைக்கிறார். மறைத்த நோய் முற்றுகிறது, பரவவும் செய்கிறது.

ஊரார் சொல்வது உண்மையா? முழுப் பொய்யும் அன்று. முழு உண்மையும் அன்று. பரம்பரைக்கு இந்நோயில் ஒரு பங்கு உண்டு. ஆனால் ஊரார் நினைக்கும் பங்கு அன்று அது. அந்தப் பங்கு எது, எவ்வளவு என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

பத்தில் ஒருவர்

நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பு ஐரோப்பிய மருத்துவர் பலரும் காசநோயைப் பரம்பரை நோய் என்றே கருதினர். 1882ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் நாள் பெர்லினில் ராபர்ட் காக் என்னும் அறிஞர் அந்நோயை உண்டாக்கும் கோல் வடிவக் கிருமியைக் கண்டுபிடித்ததாக அறிவித்தார். காசநோய் ஒரு தொற்றுநோய் என்பது அன்றோடு உறுதியாயிற்று. கிருமி இல்லையேல் நோய் இல்லை. தாய் தந்தையரிடமிருந்து யாரும் காசநோயைப் பிறப்புரிமையாகப் பெறுவதில்லை.

ஆனால் அத்துடன் கதை முடிந்துவிடவில்லை. உலக மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் உடலில் காசநோய்க் கிருமி எப்போதோ நுழைந்திருக்கிறது என்பது கணக்கு. அவர்களில் நோயாளி ஆகிறவர் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேரே. மற்றவர் உடலில் கிருமி அடங்கிக் கிடக்கிறது, அல்லது அழிந்துபோகிறது. அவர்கள் இருமுவதில்லை, பிறருக்கு நோயைப் பரப்புவதும் இல்லை. அப்படியானால் அந்தப் பத்தில் ஒருவர் யார்? ஏன் அவர்?

வயல் சொல்லும் பாடம்

இக்கேள்வியை நம் உழவர்கள் வேறு வடிவில் நன்றாக அறிவார்கள். சம்பாப் பருவத்தில் பனி இறங்கி, இலைகளில் ஈரம் தங்கும் நாள்களில் குலைநோய் வருகிறது. அது ஒரு பூசண நோய். காற்றில் பறந்து வரும் வித்துகளால் பரவுவது. வரப்புக்கு இந்தப் பக்கம் ஒரு ரகம். அந்தப் பக்கம் வேறு ரகம். காற்று ஒன்று, தண்ணீர் ஒன்று. ஆயினும் ஒரு வயல் கருகுகிறது. மற்றது பசுமையாக நிற்கிறது. கோயமுத்தூரில் உருவான கோ 39 என்னும் நெல் ரகம் குலைநோய்க்கு எளிதில் இரையாகும். அதனாலேயே நோய் எதிர்ப்பை ஆராயும் பல நாட்டு விஞ்ஞானிகள் அதைச் சோதனைப் பயிராகப் பயன்படுத்தி வருகிறார்கள்.

நோயைத் தாங்கும் ரகங்களில் உள்ள சிறப்பு என்ன? பூசணம் வெளியிடும் சில பொருள்களை அடையாளம் கண்டு, உடனே எதிர்ப்பைத் தூண்டும் காவல் புரதங்கள் அவற்றின் செல்களில் உள்ளன. அப்புரதங்களைச் செய்யும் கட்டளைகள் விதையிலேயே இருக்கின்றன. அக்கட்டளைகளைத்தான் மரபணுக்கள், அதாவது ஜீன்கள், என்கிறோம். தஞ்சை மாவட்டத்து ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் போன்ற இடங்களில் ரகங்களைக் கலப்புச் செய்து தேர்ந்தெடுக்கும்போது விளைச்சலோடு இந்த எதிர்ப்பாற்றலையும் பார்ப்பது இதனால்தான்.

மனிதர் நெற்பயிர் அல்லர். நம் உடலின் காவல் முறையும் வேறு. ஆயினும் எதிரியை அடையாளம் காணும் திறன் பிறப்பிலேயே ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது என்ற அடிப்படை இரண்டுக்கும் பொது.

முயல்களும் இரட்டையரும்

இது வெறும் ஊகமா, சான்று உண்டா என்று நீங்கள் கேட்கலாம். சான்றுகள் மூன்றைப் பார்ப்போம்.

முதலாவது, ஒரு கொடிய விபத்து. 1929 இறுதியிலும் 1930இலும் ஜெர்மனியின் லூபெக் நகரில் கைக்குழந்தைகளுக்கு வாய்வழியே பி.சி.ஜி. மருந்து கொடுத்தார்கள். அதில் தவறுதலாக உயிருள்ள காசநோய்க் கிருமி கலந்துவிட்டது. மருந்து பெற்ற குழந்தைகள் 251. அவர்களில் 72 பேர் காசநோயால் இறந்தனர். பெரும்பாலோர் பிழைத்துக்கொண்டனர், சிலருக்கு நோயின் அறிகுறியே தோன்றவில்லை. கலந்த கிருமியின் அளவு எல்லாப் புட்டிகளிலும் ஒன்றாக இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வேறுபாட்டில் ஒரு பகுதிக்கு அதுவே காரணம். எனினும் கிருமியை விழுங்கியவர் அனைவரும் இறப்பதில்லை என்பதை அந்தச் சோகம் உலகுக்குக் காட்டியது.

இரண்டாவது, முயல்கள். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் மாக்ஸ் லூரி என்ற ஆய்வாளர் பல தலைமுறைகளாக முயல்களைத் தேர்ந்து இனப்பெருக்கம் செய்தார். காசநோயைத் தாங்கும் குடும்பங்களும், எளிதில் மடியும் குடும்பங்களும் தனித்தனியே பிரிந்தன. கூண்டு, தீனி, கிருமி எல்லாம் ஒன்றாக இருந்தும் விளைவு வேறாக இருந்தது.

மூன்றாவது, இரட்டைப் பிள்ளைகள். ஒரே கருமுட்டையிலிருந்து பிறந்த இரட்டையருக்கு மரபணுக்கள் ஒன்றே. இரு முட்டைகளிலிருந்து பிறந்தவர்கள் சாதாரண உடன்பிறப்புகளைப் போன்றவர்கள். ஒருவருக்குக் காசநோய் வந்தபோது மற்றவருக்கும் வருவது முதல் வகை இரட்டையரிடம் அதிகமாக இருந்தது. பிரிட்டனில் செய்த ஆய்வு ஒன்றில் அது ஏறத்தாழ இரு மடங்கு. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மரபணுக்கள் முழுதும் ஒன்றாக இருந்தும் இருவருக்கும் நோய் வராத இணைகளே அங்கு மிகுதி. மரபணுவே எல்லாம் என்றால் அப்படி நிகழாது.

நுரையீரலில் நடக்கும் அடையாள அணிவகுப்பு

இனி நுரையீரலுக்குள் செல்வோம். நோயாளி இருமும்போது காற்றில் மிதக்கும் நுண்ணிய துளிகளில் கிருமி இருக்கும். நாம் மூச்சிழுக்கும்போது அது நுரையீரலின் காற்று நுண்ணறைகளை அடைகிறது. அங்கே விழுங்கு அணுக்கள் என்னும் காவலர்கள் இருக்கிறார்கள். வந்த கிருமியை அவர்கள் விழுங்கிவிடுகிறார்கள். வேறு கிருமியானால் செரித்துப்போகும். காசநோய்க் கிருமியோ மெழுகு போன்ற உறையுடையது. விழுங்கிய அணுவுக்குள்ளேயே உயிர்வாழக் கற்றது. காவலனின் வயிற்றிலேயே கள்வன் குடியிருக்கிறான்!

இப்போது விழுங்கு அணுவுக்கு உதவி தேவை. அது கிருமியின் புரதங்களைச் சிறு துணுக்குகளாக நறுக்கி, ஒரு துணுக்கைத் தன் மேற்புறத்தில் உள்ள ஒரு தட்டில் வைத்து வெளியே காட்டுகிறது. டி அணுக்கள் என்னும் வெள்ளணுக்கள் சுற்றிவரும்போது அத்தட்டைப் பார்வையிடுகின்றன. தமக்குப் பொருந்தும் துணுக்கைக் கண்ட டி அணு பெருகி, இன்டர்ஃபெரான் காமா என்னும் செய்திப் பொருளைச் சுரக்கிறது. அதைப் பெற்ற விழுங்கு அணு வலுவடைந்து உள்ளிருக்கும் கிருமியைத் தாக்குகிறது. முழுதும் அழியாவிட்டாலும், அணுக்கள் கூடிச் சுவர்போல் சூழ்ந்து கிருமியைச் சிறைவைக்கின்றன. நலமாக இருக்கும் பலர் உடலில் இந்தச் சிறைகள் உள்ளன.

துணுக்கை ஏந்திக் காட்டும் அந்தத் தட்டுக்குத்தான் எச்.எல்.ஏ. என்று பெயர். வெள்ளணுக்களின் மேல் உள்ள இவ்வகை அடையாளங்களில் முதலாவதை 1958இல் பிரான்ஸ் நாட்டு ஜான் டோசே விவரித்தார். இத்துறை ஆய்வுக்காக 1980இல் அவருக்கும் ஜார்ஜ் ஸ்னெல், பருக் பெனாசெராஃப் ஆகியோருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. உறுப்பு மாற்று அறுவையில் பொருத்தம் பார்ப்பது முதன்மையாக இந்த எச்.எல்.ஏ.வைத்தான். 1987இல் பமேலா பியார்க்மன், டான் வைலி முதலானோர் எக்ஸ் கதிர்களின் உதவியால் அதன் வடிவத்தைக் கண்டனர். நடுவில் ஒரு பள்ளம். அப்பள்ளத்தில் புரதத் துணுக்கு அமர்ந்திருக்கிறது.

இங்கேதான் பரம்பரை நுழைகிறது. பள்ளத்தின் வடிவம் ஆளுக்கு ஆள் வேறு. குழிந்த தட்டில் உருண்டைப் பொருள் நிற்கும். தட்டையான தட்டில் உருண்டுவிடும் அல்லவா? அதுபோல ஒரு வகைப் பள்ளத்தில் கிருமியின் ஒரு துணுக்கு நன்றாகப் பொருந்தும். வேறு வகையில் பொருந்தாது. எந்தத் துணுக்கைக் காட்டுகிறோமோ அதற்கேற்பவே டி அணுக்களின் படை அமையும்.

தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று

எச்.எல்.ஏ. மரபணுக்கள் நம் ஆறாவது குரோமோசோமில் நெருக்கமாக அமைந்துள்ளன. ஏ, பி, சி என்பன ஒரு வகை. டி.ஆர்., டி.க்யூ., டி.பி. என்பன மற்றொரு வகை. காசநோய்க் கிருமியின் துணுக்குகளை விழுங்கு அணுக்கள் காட்டுவது பெரும்பாலும் இவ்விரண்டாம் வகையில். உலக மக்களிடம் இதுவரை அடையாளம் கண்ட எச்.எல்.ஏ. மரபணு வடிவங்கள் 30,000க்கும் மேல்!

இம்மரபணுக்கள் ஒரே கட்டாகப் பிள்ளைகளுக்குப் போகின்றன. தாயிடம் இரு கட்டுகள். அவற்றில் ஒன்று பிள்ளைக்கு வரும். தந்தையிடமிருந்தும் அவ்வாறே ஒன்று. ஆகவே உடன்பிறந்த இருவருக்கு இரு கட்டுகளும் ஒன்றாக அமைய நான்கில் ஒரு வாய்ப்பு. ஒரு கட்டு மட்டும் ஒத்திருக்க நான்கில் இரண்டு. எதுவுமே ஒத்திராமல் இருக்கவும் நான்கில் ஒரு வாய்ப்பு. நாம் தொடக்கத்தில் கண்ட அண்ணனும் தம்பியும் ஒரே வயிற்றில் பிறந்தவர்களே. ஆயினும் அவர்களின் நோய்க் காவல் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. “வம்சம்” என்ற ஒரே சொல்லால் ஒரு குடும்பத்தை அளப்பது இந்த இடத்திலேயே பொய்யாகிவிடுகிறது.

மதுரையிலும் சென்னையிலும்

இந்தியாவில் இத்தகைய ஆய்வு முன்பே தொடங்கியது. 1983இல் தில்லியைச் சேர்ந்த ஆய்வாளர்கள், ஒன்றுக்கு மேற்பட்டவர்களுக்குக் காசநோய் வந்த குடும்பங்களை ஆராய்ந்து, நோய் வாய்ப்புக்கும் எச்.எல்.ஏ.வுக்கும் தொடர்பு உண்டு என்று வெளியிட்டனர். தமிழ்நாட்டில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆர். எம். பிச்சப்பனும் அவருடைய குழுவினரும் நுரையீரல் காசநோயாளிகளையும் நலமுள்ளவர்களையும் ஒப்பிட்டனர். டி.ஆர்.2 என்ற வகை நோயாளிகளிடம் கூடுதலாக இருப்பதை 1991இல் வெளியிட்டனர். சென்னையில் உள்ள காசநோய் ஆராய்ச்சி மையத்தின் ஆய்வுகளிலும் டி.ஆர்.2 தென்பட்டது. இந்தோனேசியாவிலும் அவ்வாறே கண்டனர். கம்போடியாவில் 1998இல் டி.க்யூ. வகை ஒன்று முன்னின்றது. ஐஸ்லாந்து மக்களிடம் 2016இல் செய்த பெரிய ஆய்வும் இதே இரண்டாம் வகை எச்.எல்.ஏ. பகுதியையே சுட்டியது.

ஆனால் எல்லா நாட்டு ஆய்வுகளும் ஒரே வகையைச் சுட்டவில்லை. ஓர் இடத்தில் தென்பட்ட தொடர்பு வேறோர் இடத்தில் தென்படாமலும் போயிற்று. இதில் வியப்பில்லை. மக்களின் மரபணு வகைகள் வேறு. கிருமியின் இனங்களும் இடத்துக்கு இடம் வேறு. மேலும் காசநோய் வாய்ப்பை நிர்ணயிப்பது எச்.எல்.ஏ. மட்டுமன்று. இன்டர்ஃபெரான் காமாவின் செய்தியைக் கேட்டுப் பெறும் உறுப்பே பிறவியில் பழுதுபட்ட குழந்தைகளைப் பற்றி 1996இல் தெரியவந்தது. மற்றவர்களுக்குத் தீங்கு செய்யாத எளிய கிருமிகளும் அக்குழந்தைகளுக்கு உயிர்க்கொல்லி ஆயின. இப்படிப்பட்ட பழுது மிக மிக அரிது. பெரும்பாலோரிடம் உள்ளவை பல சிறு வேறுபாடுகளின் கூட்டு.

இரு மடங்கு என்றால் என்ன?

டி.ஆர்.2 போன்ற வகை இருந்தால் நோய் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு என்று சில ஆய்வுகள் கூறின. இதைக் கேட்டவுடன் அச்சம் தோன்றுவது இயல்பு. ஆனால் கணக்கிட்டுப் பாருங்கள். கிருமி தொற்றிய நூறு பேரில் பத்துப் பேர் நோயாளி ஆவார்கள் என்று வைத்துக்கொள்வோம். வாய்ப்பு இரு மடங்கானால் இருபது. மீதி எண்பது பேர்? நலமாகவே இருப்பார்கள்! டி.ஆர்.2 நம் நாட்டில் பரவலாகக் காணப்படும் வகை. அதைப் பெற்ற கோடிக்கணக்கானோருக்குக் காசநோய் வந்ததே இல்லை. ஆகவே எச்.எல்.ஏ. பார்த்து ஒருவருக்கு நோய் வரும், வராது என்று சொல்ல முடியாது. மருத்துவர்கள் அதற்காக இச்சோதனையைச் செய்வதும் இல்லை.

இனி மற்றக் காரணங்களோடு ஒப்பிடுங்கள். நீரிழிவு நோய் காசநோய் வாய்ப்பை இரண்டு மூன்று மடங்காக்குகிறது. போதிய உணவு இல்லாமை ஏறத்தாழ மூன்று மடங்கு. புகை பிடித்தலும் கெடுதலே. எச்.ஐ.வி. தொற்றோ பத்து மடங்குக்கும் மேல். இவற்றுக்கு நடுவே மரபணுவின் பங்கு பெரிதன்று. இன்னொரு வேறுபாடும் உண்டு. பிறவியில் பெற்ற மரபணுவை மாற்ற முடியாது. மற்றவற்றை மாற்ற முடியும்.

தீமையான வகை ஏன் அழியவில்லை?

காசநோய்க்கு இடங்கொடுக்கும் மரபணு வகை ஏன் காலப்போக்கில் மறையவில்லை என்று ஒரு மாணவர் கேட்கலாம். விடையை மறுபடியும் வயலில் தேடுவோம். புகையான் பூச்சியைத் தாங்கும் ஐ.ஆர். 26 என்ற நெல் 1973இல் பிலிப்பைன்ஸில் வெளிவந்தது. பெரும் பரப்பில் அதையே பயிரிட்டார்கள். சில ஆண்டுகளிலேயே அந்த எதிர்ப்பை வெல்லும் புகையான் பெருகிவிட்டது. எல்லா வயல்களுக்கும் ஒரே காவல் என்றால் எதிரி ஒரு பூட்டைத் திறந்தால் போதும்.

எச்.எல்.ஏ.வும் அப்படித்தான். ஒரு நோய்க்கு நன்றாகப் பொருந்தாத தட்டு வேறொரு நோய்க்கு மிக நன்றாகப் பொருந்தலாம். மனித இனம் முழுதும் ஒரே வகைத் தட்டோடு இருந்திருந்தால் ஏதேனும் ஒரு கொள்ளைநோய் நம்மை அடியோடு வாரியிருக்கும். ஆகவே “கெட்ட பரம்பரை” என்று ஒன்று இல்லை. அந்த வேறுபாடுதான் நம் இனத்தின் காப்பு.

நம் கையில் உள்ளவை

மாற்றக்கூடியவற்றுக்கு வருவோம். 1956இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கியது. இன்று சேத்துப்பட்டில் உள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதன் வளர்ச்சியே. அங்கே ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினரை மருத்துவமனையில் சேர்த்தும், மற்றவர்களை அவரவர் நெரிசலான வீட்டிலேயே வைத்தும் ஒரே மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். 1959இல் வெளியான முடிவு உலகையே வியக்கவைத்தது. வீட்டில் இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவுக்குக் குணமடைந்தார்கள். அதைவிட முக்கியம், அவர்களுடைய குடும்பத்தாருக்கு நோய் வந்தது கூடுதலாக இல்லை. முறையாக மருந்து உண்ணத் தொடங்கிய நோயாளி விரைவில் பரப்பும் ஆற்றலை இழக்கிறார் என்பதே இதன் பொருள். அவரை ஊருக்கு வெளியே ஒதுக்கத் தேவையில்லை.

அடுத்தது உணவு. 2019 முதல் 2022 வரை ஜார்க்கண்ட் மாநிலத்தில் காசநோயாளிகளின் குடும்பத்தார் 10,000க்கும் மேற்பட்டோரிடம் ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பகுதிக் குடும்பங்களில் நோயாளிக்கு மட்டும் உணவுப் பொருள் கொடுத்தார்கள். மறு பகுதியில் வீட்டில் உள்ள மற்றவர்களுக்கும் ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு முதலியன கொடுத்தார்கள். இவ்வாறு உணவு பெற்ற வீடுகளில் புதிதாகக் காசநோய் வந்தது 39 விழுக்காடு குறைந்தது. அவர்களின் மரபணுக்கள் மாறவில்லை. தட்டில் விழுந்த சோறும் பருப்பும்தான் மாறின. நெல் விளையும் தஞ்சைச் சீமையிலும் விதைப்புக்கும் அறுவடைக்கும் இடையே வேலையின்றிக் கஞ்சியோடு நாள் கழிக்கும் கூலிக் குடும்பங்கள் உண்டு. அவர்களுக்கு இந்த முடிவு மிகவும் பொருந்தும்.

சோதனையும் மருந்தும் அரசு மருத்துவமனைகளில் இலவசம். சிகிச்சை பெறுவோருக்கு உணவுக்காக 2018 முதல் மாதம் 500 ரூபாய் கொடுத்துவந்த மத்திய அரசு, 2024 நவம்பர் முதல் அதை 1,000 ஆக்கியது. தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய திட்டம் ஒன்றின்படி, நோயாளியைக் கண்டறிந்தவுடனே அவருடைய எடை, மூச்சுத் திறன், நிற்கும் வலு ஆகியவற்றைப் பார்த்து, மிக மெலிந்தவரை மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். தொடக்கத்திலேயே நேரும் இறப்பைத் தடுப்பது அதன் நோக்கம்.

மீண்டும் அந்த வீட்டுக்கு

நாம் தொடங்கிய வீட்டுக்குத் திரும்புவோம். மூத்த பேரனுக்கு ஏன் நோய் வந்தது? அவனுடைய எச்.எல்.ஏ. வகை ஒரு காரணமாக இருக்கலாம். தாத்தாவின் இருமலைப் பல மாதங்கள் கவனியாமல் விட்டது ஒரு காரணம். காற்றோட்டமற்ற கூடம் ஒன்று. வறட்டி அடுப்பின் புகை ஒன்று. அரை வயிற்றுச் சாப்பாடு ஒன்று. பல நூல்கள் சேர்ந்து முறுக்கிய கயிறு அது. அவற்றுள் ஒரே ஒரு நூல்தான் பரம்பரை.

அந்த வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் சோதித்துக்கொள்ள வேண்டும். நோய் இல்லை என்று உறுதியானவர்களுக்கு, தேவையானால், தடுப்பு மருந்தும் உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் யாராயினும் சளியைச் சோதிக்க வேண்டும். தொடங்கிய மருந்தை, உடம்பு தேறிவிட்டது என்று நடுவில் நிறுத்தக் கூடாது.

பெண் கேட்டு வந்தவர்கள்? அவர்கள் அஞ்ச வேண்டியது அந்தப் பெண்ணின் வம்சத்தை அன்று. தாத்தாவின் எச்.எல்.ஏ. கட்டுகளில் எது அவளுக்கு வந்தது, எதுவும் வரவே இல்லையா என்பது ஊரில் யாருக்கும் தெரியாது. அவர்கள் வீட்டிலும் நான்கில் ஒருவர் உடலில் கிருமி உறங்கிக்கொண்டிருக்கக்கூடும். எதிர்ப்புக் குறைந்த மரபணு வகைகள் அவர்களிடமும் இருக்கலாம். மணப்பேச்சை நிறுத்துவதற்கு அறிவியலில் காரணம் ஒன்றும் இல்லை. இருமலை மறைக்காமல் சோதித்துக்கொள்வதற்குக் காரணம் நிறைய உண்டு.